பதினாறு மணித்தியாலத் தூரம்

இங்கிலாந்தில் தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறார்கள். பஸ்ஸில் இருபது நிமிடம், ரயிலில் இரண்டு மணித்தியாலம் என்பார்களே தவிர, எத்தனை மைல் என்பது வாயில் வராது. ஆஸ்பத்திரி வார்ட்டில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரத் தாதி ஒருநாள், "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டபோது நானும் அப்படியே, ஹீத்ரோவிலிருந்து இலங்கையில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, இடையில் இரண்டு இடத்தில் நின்று போகப் பதினாறு மணித்தியாலம் என்றேன். "அவ்வளவுதானா? அப்போ மகளை அடிக்கடி போய்ப் பார்க்கலாம்!" என்று எனக்காக மகிழ்ந்தாள். தலையாட்டினேன். மகளைப் பார்த்து அப்போது நாலு வருடம்.

பிள்ளையை ஊரில் விட்டுவந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வதனிக்கு இரண்டு வயதாக இருந்தபோது திருகோணமலைக்குப் பக்கத்தில் சாம்பல்தீவில் என் அக்காவிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் லண்டன் வந்தோம். தாதிப் பயிற்சி முடியட்டும், ஒற்றை அறையை விட்டு ஒரு வீடு கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளியே காலம் போனது. எழுபதுகளின் நடுவில்தான், மூன்று வார லீவில், அவளைக் கூட்டிவர நான் தனியாகப் புறப்பட்டேன். கொழும்புக் கோட்டையில் ரயிலேறியவள், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் தெரியத் தொடங்கியதுமே எழுந்து கதவடியில் போய் நின்றுவிட்டேன்.

வீட்டு வாசலில் வதனி அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா, இந்த அன்ரி எப்ப பிளேனிலை திரும்பிப் போவா?" என்று அக்காவைத்தான் கேட்டாள்.

"அன்ரி இல்லையடி, இவதான் உன்ரை அம்மா," என்றாள் அக்கா. பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டது.

மூன்று வாரத்தில் இரண்டே நாள் என்னைச் சீப்பெடுத்துத் தலை இழுக்க விட்டாள். நிலாவெளிக் கடலில் அலை வந்தபோது என் விரலைப் பிடித்தாள். அதை நம்பித்தான் அவளுடைய சட்டைகளையும் பெட்டியில் அடுக்கினேன்.

புறப்படும் பின்னேரம், திருகோணமலை ஸ்டேஷனில் அவளைத் தூக்கினேன். அக்காவின் சேலையைப் பிடித்த கை விடவில்லை.

"நான் இனிக் குழப்படி செய்யமாட்டன் அம்மா, என்னை அனுப்பாதேங்கோ!" என்று அக்காவிடம் கெஞ்சினாள்.

தண்டனையாக அனுப்புகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

அக்காவும் அழுதுகொண்டே, "நீ தூக்கிக்கொண்டு ஏறு. நாலு நாள் அழுவாள், பிறகு மறந்திடுவாள்," என்றாள்.

என்னையும் அப்படித்தானே மறந்தவள். இன்னொரு தாயையும் மறக்கச் செய்ய எனக்கு ஏலவில்லை. இறக்கி விட்டேன். அது அன்போ, கோழைத்தனமோ, இன்றுவரை தெரியாது. பிள்ளை வரவில்லையென்று கணவருக்குத் தந்தியடிக்கவும் மனம் வரவில்லை.

ஹீத்ரோவில் குடிவரவு அதிகாரி என் பாஸ்போட்டைப் புரட்டி, அதில் பதிந்திருந்த வதனியின் பெயரில் விரலை வைத்தார்.

"பிள்ளை எங்கே?"

"வீட்டில்," என்றேன். வேறு சொல் வரவில்லை.

லண்டன் வீட்டைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். "அப்போ கெதியாகப் போங்கள். உங்களைக் கண்டால் துள்ளிக் குதிப்பாள்," என்று சிரித்தபடி முத்திரை குத்தினார்.

வெளியே கணவர் சின்னதொரு சிவப்புக் கம்பளிக் கோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றார். அவருடைய கண் என் முகத்துக்கு வரவில்லை. என் இடுப்பளவு உயரத்தில், பெட்டிக்குப் பின்னால், வருகிறவர்களின் கால்களுக்கிடையில் தேடிக்கொண்டே இருந்தது.