நாலுவழிச் சாலை வருவதற்குள்

எங்கள் வீடு பூவத்தில். நானும் என் நாத்தனாரும் காரைக்கால் டவுனில் ஒரே துணிக்கடையில் வேலை பார்த்தோம். என் ஸ்கூட்டியில்தான் போய் வருவோம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவாள். நாலுவழிச் சாலைக்குத் தோண்ட ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது.

பழைய சாலையில் ஒரு பாதியை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சப் பாதியில் இரண்டு பக்க வண்டிகளையும் விட்டார்கள். சிதம்பரம் பஸ், நிலக்கரி லாரி, எல்லாம் அந்த ஒற்றைத் துண்டில்தான். பள்ளத்துக்கும் எங்களுக்கும் நடுவே வெறும் தகர டிரம்கள்.

அது ஐப்பசி அடைமழை. கடையில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வழியெல்லாம் ஒரு லாரி என் முதுகுக்குப் பின்னால் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது. எதிரே பஸ் வெளிச்சத்தை நேராகக் கண்ணில் பாய்ச்சியது.

"அண்ணி, ஒதுங்குங்க! ஒதுங்குங்க!"

ஒதுங்கினேன். டிரம் இருக்க வேண்டிய இடத்தில் டிரம் இல்லை. முன்சக்கரம் வெறுமையில் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் கிடந்தேன். பாலத்துக்காகக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகள் என்னைச் சுற்றி ஈட்டி மாதிரி நின்றன. ஒன்று என் துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். அந்தக் கம்பிகளில் அவளைத் தேட என் கண்ணுக்குத் துணிவில்லை. தலையைத் திருப்பவே முடியவில்லை.

"அண்ணி... கை போச்சு அண்ணி."

குரல் வந்த பிறகுதான் நான் அழுதேன்.

சாலை வேலைக்கு வந்திருந்த வடநாட்டு ஆட்கள் இரண்டு பேர் குதித்து எங்களைத் தூக்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ், "பயம் வேணாம்க்கா" என்பது மட்டும்தான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

மாவுக்கட்டோடு அவள்தான் என்னை வேலை நடக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த என்ஜினியர் தன்மையாகத்தான் பேசினார்.

"எல்லாம் உங்களுக்காகத்தாம்மா. ரோடு அகலமாயிட்டா விபத்தே இருக்காது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"அகலமாகுற வரைக்கும் நாங்க உசுரோட இருக்கணும்ல சார்?"

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். சாயங்காலமே சிமெண்ட் தடுப்பும் சிவப்பு விளக்கும் வந்தன. ஆனால் நான் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. பஸ்ஸில் போனேன். அதிலும் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டேன்.

இப்போது சாலை முடிந்துவிட்டது. போகிற வண்டி தனி, வருகிற வண்டி தனி. நடுவில் அரளிச் செடிகூட வைத்திருக்கிறார்கள். நெரிசல் இல்லை. நல்ல சாலை என்று எல்லோரும் சொல்கிறார்கள்; நானும் சொல்கிறேன். கை கூடியதும் நாத்தனார் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். போன மாதம்தான் முதல் தடவையாக அவள் பின்னால் ஏறினேன்.

"கண்ணைத் திறங்க அண்ணி. ரோடு காலியாத்தான் கெடக்கு."

"நீ முன்னாடி பாத்து ஓட்டு" என்றேன். டவுன் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.