கேமராவுக்கு வைத்த பொட்டு

சேதராப்பட்டு கம்பெனியில் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை. "இனிமே தரத்தைக் கேமராவும் பாக்கும், முடிவைக் கம்ப்யூட்டரே எடுக்கும், பாரபட்சம் இருக்காது" என்று முதலாளி சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆயுத பூஜையன்று, எல்லா மெஷினுக்கும் வைத்ததுபோல் அந்தக் கேமராவின் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு வைத்தேன். விடுமுறை முடிந்து வந்த அன்று, அது எல்லாச் சரக்கையும் பழுது என்று தள்ளியது. மதியத்துக்குள், தரம் சரியில்லை, எங்கள் பிரிவையே மூடுகிறோம், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து என் போனில் செய்தி.

பதறிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். தள்ளிய சரக்கையே மறுபடி வைத்தபோது, எல்லாம் நல்லது என்றது.

"பொட்டுதான் சார் மறைச்சிருக்கு. முதலாளிகிட்ட சொல்லுங்க சார்" என்றேன் மேனேஜரிடம்.

"மூடுனது அவரு இல்லம்மா, கம்ப்யூட்டரு. அவருக்கே இன்னும் தெரியாது" என்றவர், தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதே செய்தி அவருக்கும் வந்திருந்தது.

முதலாளி சொன்னது சரிதான். பாரபட்சமே இல்லை.