மேல போறதுக்கு எதுக்குப் பிரேக்கு?

ராக்கெட்டுக்குப் பிரேக் செய்யற வேலையில மொத சிக்கல் காத்து இல்லீங்க, "ஏம்மா, மேல போறதுக்கு எதுக்குப் பிரேக்கு?"ன்னு கேக்கறவங்கதான். காலேஜ் ப்ராஜெக்ட்ல மாட்டி முழிச்ச எல்லாருக்கும் இந்த எரிச்சல் தெரியும். ஒரே தடவ சொல்றேன், கேட்டுக்கங்க. போட்டியில எங்க ஆளுயர ராக்கெட் சரியா முந்நூறு மீட்டர் ஏறி நிக்கணும். கூடப் போனாலும் மார்க் போச்சு, கொறஞ்சாலும் போச்சு. மருந்து எரிஞ்சு முடிஞ்சப்புறமும் ஆறு செகண்டு அது வேகத்துலயே ஏறும். அந்த ஆறு செகண்டுல பக்கவாட்டுல தகட்ட நீட்டி வேகத்தக் கொறைக்கணும். அதான் பிரேக். எங்க கைடு சாருக்கு இதுல நம்பிக்கையே இல்ல. "பறக்கவுட்டுப் பாக்க ரெண்டு டெஸ்ட்தான். தேறலன்னா அதக் கழட்டிட்டு இரும்பு வெச்சுக் கனத்த ஏத்துங்க"ன்னுட்டாரு.

தக்காளி வண்டி

காத்துல சோதிக்க எங்க காலேஜ்ல மெஷின் இல்ல. தக்காளி எறக்கிட்டுக் காலியா திரும்பற மினி லாரி கேபின் மேல ராக்கெட்டக் கட்டினோம். நான் மொதல்ல செஞ்சது குடை மாதிரி விரியற தகடு. மொரப்பூர் ரோட்டுல வண்டி வேகம் எடுத்ததும் பட்டன அமுக்கினேன். ஒரு விரக்கட கூட விரியல, உள்ள இருந்த குட்டி மோட்டார்தான் கருகுச்சு. கண்ணுக்கே தெரியாத காத்து, என் ரெண்டு மாச டிராயிங்க அப்படியே அமுக்கிப் புடிச்சிருந்துச்சு. கோவத்தையும் மீறி உடம்பு சிலுத்துப் போச்சு. டிரைவர் அண்ணன் எறங்கி வந்து பாத்துட்டுச் சொன்னாரு: "ஓடற வண்டியில நான் கதவத் தொறந்தாலும் இப்படித்தாம்மா, காத்து மூடிரும்."

கடத்தூர் லேத்து

குடைய வுட்டுட்டு, உள்ளருந்து சறுக்கிட்டு வெளிய வர்ற நாலு தகடு வரைஞ்சேன். நாலும் ஒண்ணா வரணும், ஒண்ணு முந்தினாலும் ராக்கெட் சாஞ்சிடும். போர்வெல் மோட்டாருக்கு உதிரி பாகம் கடையற லேத்துக்காரர் டிராயிங்கப் பாத்ததும் "அளவு தப்பு"ன்னாரு. அரை மணி நேரம் சண்டை. அளவு தப்புதான், இப்ப ஒத்துக்கறேன்.

நாலு நாள் கழிச்சுப் போனா, நடுவுல இருந்த பல்சக்கரத்த ஒத்த விரல்ல திருப்பிக் காட்டினாரு. நாலு தகடும் சத்தமே இல்லாம ஒண்ணா வெளிய வந்துச்சு, ஒண்ணா உள்ள போச்சு. நான் இருவது தடவ திருப்பிப் பாத்திருப்பேன். "கீழ வுழுந்தா எடுத்துட்டு வா பாப்பா, சரி பண்ணலாம், மேல சரியா நின்னுட்டா ஒரு போன் போடு"ன்னாரு.

ரெண்டு நாள் திட்டு

அனுமதி வாங்கி, நிலக்கடல புடுங்கின காட்டுல மொத டெஸ்ட். இருநூத்தி நாப்பதுலயே நின்னுடுச்சு. புரோகிராம் எழுதின பரணிய ரெண்டு நாள் கிழிகிழின்னு கிழிச்சேன். மேல போகப் போகக் காத்தழுத்தம் கொறையும். உடம்புல போட்ட சின்ன ஓட்ட வழியா அத அளந்துதான் ராக்கெட் ஒசரத்தக் கணக்குப் போடும். அந்த ஓட்டைய தகட்டுக்கு நேர் கீழ போட்டது நான். தகடு நீண்டதும் அதுக்குப் பின்னாடி அழுத்தம் எறங்குது. 'ரொம்ப மேல வந்துட்டோம்'னு ராக்கெட் பிரேக்க இன்னும் நீட்டுது. பரணி லேப்டாப்ல கிராஃபத் திருப்பிக் காட்டினான்: "நான் எழுதினது ஒழுங்காத்தான் இருக்குது, அதோட மூக்குக்கு நேரா தகட்ட வெச்சது நீதான் தாயி."

கடைசி டெஸ்ட்

ஓட்டைய தகட்டுக்கு மேல மாத்தினோம். சார் கையக் கட்டிட்டு நின்னாரு. தோத்தா சண்டை போட பத்து பாயிண்ட் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். ராக்கெட் சீறிட்டுப் போச்சு, பொகை நின்னுச்சு, சத்தமும் நின்னுச்சு. பாராசூட்ல எறங்கினத ஓடிப்போய் எடுத்து லேப்டாப்ல மாட்டினோம். முந்நூத்தி ரெண்டு! ரெண்டே மீட்டர்தான் கூட.

அதுல இருந்த கேமரா வீடியோவப் போட்டோம். காடு சின்னதாயிட்டே போகுது. தகடு பாதி வருது, யோசிக்கற மாதிரி கொஞ்சம் உள்ள போகுது, மறுபடி வருது. யாரும் தொடல. தன் வேகத்தத் தானே அளந்து தானே அடக்குது. சார் மூணு தடவ ஓட்டிப் பாத்தாரு. "கழட்ட வேணாம், போட்டிக்கு இப்படியே எடுத்துட்டுப் போங்க... அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ ஏத்துவீங்களாம்மா, சும்மா பாக்கத்தான்?"

ஆறு செகண்ட் வேடிக்கைக்கு நாலு மாசம் ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கேன், இன்னொரு ஆறு செகண்ட் கெடைக்கும்னா அடுத்த சண்டைக்கு நாளைக்கே ரெடிங்க.