முப்பது தடவையும் ஒரே வழி

1. அறுபது கடைகளுக்கு ரொட்டி போடும் ஒரு வேனுக்கு மிகக் குறுகிய வழியைத் தேடும் அல்காரிதம் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் மனம்போனபடி ஒரு வழியில் தொடங்கி, அதைத் திருத்திக்கொண்டே போகும்.
2. முப்பது தடவை ஓட்டினேன். முப்பது தடவையும் ஒரே வழியில் வந்து நின்றது.
3. எனக்கு மெய்சிலிர்த்தது.
4. இதைப் பற்றி எழுதிய கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. என் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் அத்தியாயமும் அதுதான்.
5. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அண்ணன், ஒவ்வொரு ஓட்டத்திலும் தூரம் படிப்படியாகக் குறைவதைக் காட்டும் என் அட்டவணையைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நடுவுல வர்ற தூரம்கூட புள்ளிக்குப் பின்னால நாலு நம்பர் வரைக்கும் ஒண்ணா இருக்கு? நம்ம டவுன் பஸ்ஸே தினம் ஒரு மாதிரிதான் போகும்."

"பொறாமையாண்ணே?"

"பொறாமைதான். உன் புரோகிராமுக்கு அம்புட்டு ஒழுக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு திறந்து பாரு."

திறந்தேன். பிழை தேடிய நாட்களில், தொடக்க வழியைத் தேர்ந்தெடுக்கும் தற்செயல் எண்கள் எப்போதும் அதே வரிசையில் வரும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். நான் ஓட்டியது ஒரே ஓட்டம், முப்பது முறை.

பசுமலையில் என் ஆய்வு நெறியாளரின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"சரி பண்ணி மறுபடி ஓட்டிட்டியா?"

"இல்ல மேடம்."

"முதல்ல கட்டுரையத் திரும்ப வாங்கு. அப்புறம் ஓட்டு. முடிவு நல்லா வந்துருச்சுன்னா லெட்டர் எழுத மனசு வராதும்மா."

அவர் வீட்டு மேசையிலேயே எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன்.

முதல் ஓட்டத்தில் வேன் ஆரப்பாளையத்திலிருந்து மேலூர் போய், திருமங்கலத்துக்கு இறங்கி, மறுபடி ஆரப்பாளையத்தில் அடுத்த கடைக்கே வந்தது. திரை முழுக்கச் சிக்கிய நூல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, கடைசியில் சீரான ஒரு வழியாயின. இரண்டாவது ஓட்டம் வேறு எங்கோ தொடங்கியது, வேறு விதமாகச் சிக்கியது. ஆனால் அதே வழிக்கு வந்தது. முந்தைய ஓட்டத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்தாவது ஓட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பிழையான அட்டவணையைப் பார்த்துச் சிலிர்த்தது இதன் பக்கத்தில்கூட வராது.

முப்பதில் இருபத்திரண்டு அதே வழியில் சேர்ந்தன. எட்டு சேரவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது ஒரு பருவம் தள்ளிப்போயிருக்கிறது.