இறால் கூடையில் போன பிக்சர் டியூப்

பழவேற்காட்டில் டி.வி. ரிப்பேர் செய்கிறேன். பழுதான பிக்சர் டியூப்களைப் பொன்னேரியிலுள்ள பழைய சாமான் கடைக்குப் பஸ் கூரையில் ஏற்றி அனுப்புவேன். அன்று அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை. இறால் கூடையில் வைத்து, சாக்கால் மூடி அனுப்பிவிட்டேன்.

பஸ் போன பிறகுதான் உறைத்தது. இறால் என்று நினைத்துக் கீழே போட்டால் டியூப் வெடிக்குமே!

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். பொன்னேரி ஸ்டாண்டில் மீன்கார அம்மா ஒருவர் அந்தக் கூடைமேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, மெதுவா எழுந்துருங்க.”

“இன்னாப்பா, எறா நசுங்கிடுமா?”

“எறா இல்லக்கா, டி.வி. கண்ணாடி. வெடிச்சிடும்.”

மூச்சை அடக்கி எழுந்து, தள்ளிப் போய் நின்றுதான் கத்தினார். “வெடிக்கிற சாமானை ஊரான் தலைமேல ஏத்தி அனுப்புவியா? உன் மடியில வெச்சினு வா!”

இப்போது அப்படித்தான் கொண்டுபோகிறேன். வழியெல்லாம் பள்ளம். இத்தனை பள்ளம் இருப்பது முன்பு எனக்குத் தெரியவே தெரியாது.