மூடாத நீலப் பக்கம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏழு மாடிக் கட்டிடத்தில் நான் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறேன். மேல் மாடிகளில் கம்ப்யூட்டர் வேலை நடக்கும். நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போவோம். அதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. நான் துடைத்த தரையை இன்னொருத்தி திரும்பத் துடைக்க வேண்டியதில்லை என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

முன்பெல்லாம் வருகைக்கு நோட்டுதான். பாதிப் பேர் கைநாட்டு வைப்பார்கள். நான் கையெழுத்துப் போடுவேன், அதுவும் கோட்டுக்கு மேலே நேராக. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. வேலைக்குச் சேரும்போது எட்டாவது என்று சொன்னேன். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நான் நிற்கவும் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இப்படி மெதுவாக எழுதவும் செய்வேன். இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

பிறகு நோட்டை எடுத்துவிட்டுப் பின்வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். நம் அட்டையைக் காட்டினால் அது நம்மை உள்ளே விடும். லாகின் என்பார்கள். ஒரு தரம் லாகின் ஆனால் இரண்டு பக்கம் திறக்கலாம். பச்சைப் பக்கம் வருகைக்கு. நீலப் பக்கம் லீவுக்கும் ஷிப்டு மாற்றிக்கொள்வதற்கும். அமுக்க வேண்டியதை அமுக்கி முடித்ததும் பச்சைப் பக்கத்தின் மூலையில் சிவப்பாக இருப்பதை அமுக்கிவிட்டு நகர வேண்டும். அது லாக்அவுட். ஒன்றை மூடினால் இரண்டும் மூடிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷில். எங்களில் வாசித்து அமுக்கியவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் இடத்தைக் கணக்கு வைத்துக்கொண்டோம். நீலப் பக்கத்தில் கீழேயிருந்து இரண்டாவது வரி லீவு. அதை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, நாற்பது பேரில் மீதி எல்லோரும் அப்படித்தான் பழகினோம். நான் வாசித்து அமுக்குகிற மாதிரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அமுக்குவேன்.

எங்கள் தெருவில், பாடி பாலத்துக்குப் பின்னால், என்னோடு வேலை செய்கிறவள் ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். அவள் புருஷனுக்குச் சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டது. மற்ற கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி போட்டு வந்தால் மிச்சப் பார்வை நிற்கும், விட்டால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஊசி அவளுடைய ஆஸ்பத்திரி அட்டையில் நடந்தது. வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த அட்டை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றால் திரும்பிப் பார்ப்பாள்.

"யக்கா, எனுக்கும் நீயே அமுக்கிக் குடேன். எனுக்கு எல்லாம் எறும்பு ஊர்றா மாரிதான் கீது."

"தள்ளு, தள்ளு. எத்தினி வாட்டி சொல்லித் தர்றது?" என்று சலித்துக்கொண்டு செய்துகொடுப்பேன். சலிப்பு வாயில்தான்.

அன்றைக்கும் அப்படித்தான். ஊசிக்கு அவள் கேட்டிருந்த லீவு கிடைத்ததா என்று நீலப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பச்சையாக ஒரு குறி இருந்தது, கிடைத்துவிட்டது என்றேன். சிவப்பை அமுக்கிவிட்டு என் அட்டையைக் காட்டினேன். பச்சைப் பக்கம் வந்தது. எனக்கும் ஒருநாள் லீவு வேண்டியிருந்தது, பூந்தமல்லியில் ஒரு காதுகுத்து. நீலப் பக்கத்தைத் திறந்து, கீழேயிருந்து இரண்டாவது வரியை அமுக்கினேன். எப்போதும் இரண்டு தேதி கேட்கும்; அன்று ஒன்றுதான் கேட்டது. ஒருநாள் லீவுக்கு ஒரு தேதி போதுமே, இப்போதாவது புத்தி வந்து மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வேறொருத்தி, "சீக்கிரம் யக்கா, இன்னா லெட்டரா எழுதற?" என்றாள். ஆமாவா என்று கேட்கிற கட்டத்தை அமுக்கிவிட்டு நகர்ந்தேன்.

காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தால் எனக்கு ஆப்சென்ட் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசரை நாலு வார்த்தை கேட்டேன். அதோடு மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவள் அட்டையைக் காட்டினாள், கம்ப்யூட்டர் அவளை உள்ளே விடவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"நீதானம்மா வேலய உட்டு நின்னுக்கறேன்னு போட்டுக்கீற. ஆபீஸ்ல ஓகே பண்ணி முட்சிட்டாங்க."

"நான் எங்க போட்டேன்? கண்ணு தெரியாத மனுசன ஊட்ல வச்சிகினு வேலய உடுவேனா? உனுக்கு இன்னா, காலையிலயே ஏத்திகினு வந்துட்டியா?"

"என்னாண்ட கத்தாத. மிஷின்ல கீது."

நாங்கள் உள்ளே போனோம். அவள் கேட்டுக்கு வெளியே, சோற்று டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். தெற்கத்திக்காரி, வானகரத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருந்தாள். அந்தப் பக்கங்களைச் செய்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நான் மேசைக்கு அடியில் துடைக்கும்போது காலைத் தூக்கிக்கொள்ளாமல் எழுந்து நிற்பாள், அதனால் எனக்கு அவள்மேல் மதிப்பு. அவளிடம் சொன்னேன்.

"அவங்க லாகின்லதாம்மா பதிவாயிருக்கு" என்றாள் பார்த்துவிட்டு. "ஆனா நீங்க சொல்றீங்கன்னா, கீழ வந்து பாக்கேன்."

பதினோரு மணிக்கு மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆறு தரம் உள்ளே போய் ஆறு தரம் வெளியே வந்தாள். ஒவ்வொரு தரமும் சிவப்பை அமுக்கியதும் நீலப் பக்கமும் மூடிக்கொண்டது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சிஸ்டம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. "பதினோரு மணிக்கு யாரு வர்றா? ஆறு மணிக்கு வந்து நின்னு பாரு கண்ணு. அப்பதான் தெரியும் அதும் லட்சணம்."

மறுநாள் ஆறு மணிக்கு அவள் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். செருப்புகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கவனித்தாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் வந்தாள். கூட்டம் நெரிந்த நேரத்தில் ஒருத்தி சிவப்பை அமுக்கிவிட்டுப் போனதும், இவள் எழுந்து நீலப் பக்கத்தைத் தட்டினாள். அது திறந்தது. போனவளின் பெயரோடு திறந்தது.

"அடப்பாவி" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள்.

டீ நேரத்தில் எனக்கு விளக்கினாள். "ஜாவாவுல எழுதின புரோகிராம்மா இது. உள்ள வந்தது யாருன்னு ஞாபகம் வச்சுக்கும், அதுக்கு செஷன்னு பேரு. கூட்டம் இல்லாதப்ப நீலப் பக்கத்துக்கு ஒரு சர்வர்தான் ஓடும். கூட்டம் வந்தா ரெண்டாவது ஒண்ணு தானா எந்திரிச்சுக்கும். நீங்க வெளிய போயிட்டீங்கங்கிற சேதி ரெண்டுல ஏதாவது ஒண்ணுக்குத்தான் போகுது. உங்க ஞாபகம் மத்ததுகிட்ட இருந்துச்சுன்னா, அதுக்குச் சேதியே தெரியாது. நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கும்."

"அப்ப அடுத்தவ வந்து நின்னா?"

"பச்சைப் பக்கம் அவ பேர்ல வரும். நீலப் பக்கம் மட்டும் போனவங்க பேர்லயே நிக்கும். அதுல என்னத்த அமுக்கினாலும் போனவங்க கணக்குல விழும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை போனவள் பிழைத்தாள் என்று நினைத்தேன். எவளோ ஒருத்தி தப்பாக அமுக்கியிருக்கிறாள், அவளைப் பிடித்தால் போதும்.

வேலையை விடுவதாக அவள் பெயரில் விழுந்த நாளின் பதிவை அந்தப் பெண் திறந்து மேலும் கீழும் நகர்த்தினாள். எந்த நிமிஷத்தில் யார் வெளியே போனார்கள், அடுத்து யார் உள்ளே வந்தார்கள் என்று வரிசையாக இருக்குமாம். ஒரு இடத்தில் நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அன்னைக்கு நீங்க எத அமுக்கினீங்க?"

"லீவு."

"லீவுக்கு ரெண்டு தேதி கேக்குமே."

லீவு வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி செருகியிருந்தார்களாம். வேலையை விட்டு விலகுவதற்கான வரி அது. கீழேயிருந்து இரண்டாவது என்பது அன்று முதல் அதுவாகிவிட்டது. சர்வர் ஒழுங்காக இருந்திருந்தால் அது என் பெயரில் விழுந்திருக்கும். நான் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பேன்.

"உங்களுக்குப் படிக்க..." என்று ஆரம்பித்தாள்.

"எட்டாவது" என்றேன்.

"சரிம்மா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றே அவள் மேனேஜரிடம் போய்ப் பழுது இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை. பழுது இருக்கலாம், ஆனால் அன்றைக்கு அமுக்கியது வேறு ஆள் என்று அந்த ஆளே வந்து சொன்னால்தான் ஏதாவது பார்க்க முடியும் என்றாராம் மேனேஜர். அவள் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

நான் மூன்று நாள் சொல்லப் போகவில்லை. முதல் நாள் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் நாள் இருந்தார், அவர் அறைக் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாளுக்கு ஒரு காரணமும் கிடையாது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று அந்த மனிதர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நாலாம் நாள் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை.

"மூணு நாள் முன்னாடி வந்திருந்தா பேசிப் பார்த்திருக்கலாம்மா. இந்த மாசம் வேலையை விட்டவங்க லிஸ்ட் நேத்து சாயங்காலம் ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சு. அங்க அந்த வேலையிடத்தையே எடுத்துட்டாங்க. புதுசா சேர்க்கணும்னா அவங்க வயசு தாண்டிப்போச்சு."

"எம்பேர எடுத்துட்டு அவ பேரப் போட்டுக்கோ சார்."

"அப்படியெல்லாம் மாத்திக்க முடியாதும்மா. நீங்களும் போனா எனக்கு ஒரு ஆள் குறையும், அவ்ளோதான். போய் வேலையைப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன்.

அந்தப் பெண் பழுதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு சர்வரும் ஞாபகத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி மாற்றினாளாம். காலை ஆறு மணிக்கு என்னையே நிறுத்திப் பலமுறை சோதித்துப் பார்த்தாள். சிவப்பை அமுக்கியதும் நீலமும் மூடியது. வரிகளைத் தமிழிலும் போட்டுக்கொடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்து அமுக்கினேன். அவள் பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.

வேலை போனவளிடம் சொல்ல எனக்கு இன்னும் நாள் பிடித்தது. ஒரே தெரு. தண்ணீர் பிடிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டேன். எவளோ ஒருத்தியைச் சபிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இரண்டு மாத ஊசி தவறிவிட்டது என்றும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் வகுப்பு என்பதையும் சொன்னேன்.

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"படிச்சவன்னு நம்பித்தானே யக்கா என் அட்டய உன் கையில குட்த்தேன். தெரிலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, ரெண்டு பேருமா போய் வேற யாரையனா கேட்டிருப்பமே. இதுல இன்னா கீது?"



வாசலுக்கு நேரே நான் நின்றிருந்தேன். உச்சி வெயில் என்மேல்தான் அடித்தது. உள்ளே அவர் தட்டைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பினார். முன்பெல்லாம் தெருமுனையில் நான் வரும்போதே என்னைக் கண்டு கையைத் தூக்குகிற மனிதர்.

"யாரும்மே அது, வாசல்ல?"

"யாரும் இல்ல" என்றாள் அவள். "நீ துன்னு."