துபாய் விமானத்துக்கு விட்ட வெடி

மதுரையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் நாலு மணி நேரம். எங்கள் வீட்டில் இதை முதலில் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. நாங்கள் தூரத்தைப் பஸ் நேரத்தால் அளக்கிறவர்கள். எங்கள் ஊர் எம். புதுப்பட்டியிலிருந்து பஸ் மாறி மதுரை போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகும். அப்படியானால் துபாய் மதுரைக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "கடல் தாண்டிப் போறவன் எனக்குத் தம்பியில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு மாதமாக மாமாவிடம் பேசவில்லை. அவர் கிளம்பிய அன்று வாசலில் நின்று "போய்ட்டு வாரேன்க்கா" என்றபோதும் அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வேன் தெருமுனை திரும்பிய பிறகு அழுதாள்.

அப்பா பட்டாசு கம்பெனியிலிருந்து வந்ததும் கேட்டாள்: "அந்த பிளேன் நம்ம ஊரு மேலதான போகும்?"

"ஒன் தம்பி பிளேனுல்ல, ஒன்னயக் கேட்டுட்டுத்தான் போகும்" என்றார் அப்பா.

"கேலி பண்ணாதீக. ஒரு வெடி விடுங்க. அக்கா விட்டதுன்னு அவனுக்குத் தெரியும்."

வேறு ஊரில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. எங்கள் ஊருக்கு வானம்தான் வேலை. மேலே போகிறவன் கீழே பார்ப்பான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா கம்பெனிக்குத் திரும்பிப் போய், கேட்டு, ஒரு பேன்சி வெடியோடு வந்தார். "செவப்புதான் ரொம்பத் தூரம் தெரியும்" என்றார்.

ஊருக்கு வெளியே பொட்டலில் பாதித் தெரு கூடிவிட்டது. விமானத்தைக் கண்டு சொல்வது என் வேலை. இருட்டத் தொடங்கியபோது வடக்கே ஒரு விளக்கு மினுக்கியபடி வந்தது. கத்தினேன். அப்பா திரியைப் பற்றவைத்தார். வெடி ஏறி, வானம் நிறையச் சிவப்பாக விரிந்தது. மேலே விளக்கு இன்னொரு முறை மினுக்கியது.

"பாத்துட்டான்லே" என்று அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். தேர்தலில் ஜெயித்தவர்களைப் போல எல்லோரும் தெருவை அடைத்துக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் மாமா போன் செய்தார். அப்பா கையிலிருந்து அம்மாவே பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, நேத்து ஒனக்காகப் பொட்டல்ல வெடி விட்டோம். பிளேன்லருந்து பாத்தியா?"



"பாத்தேன்க்கா. பச்சையா, எம்புட்டு அழகா இருந்துச்சு."

திருத்த வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"ஆமாடா, பச்சைதான்" என்றாள். "சாப்பிட்டியா?"

ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்று, ஊர் ஊராகத் திரிந்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, ஒருநாள் நானும் அதே விமானத்தில் ஏறினேன். அது எங்கள் ஊர்ப் பக்கமே வருவதில்லை. மாமா போன் செய்த அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? விமான ஜன்னலுக்குப் பச்சைக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், எங்கள் அம்மாவுக்கு அது முன்பே தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.